மீன்நீரில் வேரழுகல்: காஞ்சிபுரத்துப் பருவக் குறிப்புகள்

சித்திரை 21 (மே 4)

அக்னி நட்சத்திரம் தொடங்கும் இந்நாளிலிருந்து ஏறத்தாழ நான்கு வாரங்கள் காஞ்சிபுரத்து மொட்டைமாடிகளில் தேங்கும் வெப்பமே, மீன்தொட்டி நீரில் வேர்விட்டு வளரும் பச்சிலைகளுக்கு ஆண்டின் மிகக் கடுமையான சோதனையாகும். அக்வாபோனிக்ஸ் எனப்படும் இம்முறையில் மீன்கள் வெளியேற்றும் அம்மோனியாவை நைட்ரோசோமோனாஸ் முதலிய பாக்டீரியங்கள் நைட்ரைட்டாகவும், நைட்ரோபாக்டர், நைட்ரோஸ்பைரா ஆகியவை அதனை நைட்ரேட்டாகவும் மாற்ற, அந்த நைட்ரேட்டைச் செடிகள் உறிஞ்சிக்கொண்டபின் நீர் மீண்டும் மீன்தொட்டிக்கே திரும்புகிறது. பாலாறு ஆண்டின் பெரும்பகுதி மணலாகவே கிடக்கும் ஊரில் இந்தச் சிக்கனம் சிறிய நன்மை அன்று. ஆனால் ஒரே நீர் மீனையும் பாக்டீரியத்தையும் செடியையும் சேர்த்துச் சுமப்பதால், அந்த நீரில் நேரும் கேடும் மூன்றுக்கும் பொதுவானதாகிவிடுகிறது.

வெப்பம் கூடக்கூட நீர் தாங்கும் ஆக்சிஜன் குறையும். 20 பாகை செல்சியஸில் ஒரு லிட்டர் நீர் ஏறத்தாழ 9 மில்லிகிராம் ஆக்சிஜனைக் கரைத்து வைத்திருக்க இயலும். 30 பாகையில் அது 7.5 மில்லிகிராமாகவும், 35 பாகையில் 7 மில்லிகிராமுக்குக் கீழாகவும் இறங்குகிறது. இவை நீர் தாங்கக்கூடிய மேல்வரம்புகளே. மீனும் பாக்டீரியமும் வேரும் மூச்சுவிட்டபின் எஞ்சுவது இதனினும் குறைவு. ஐக்கிய நாடுகளின் உணவு, வேளாண்மை நிறுவனம் சிற்றளவு அக்வாபோனிக்ஸ் பற்றி 2014இல் வெளியிட்ட கையேடு, கரைந்த ஆக்சிஜன் லிட்டருக்கு 5 மில்லிகிராமுக்கு மேலும், நீரின் வெப்பம் 18 முதல் 30 பாகைக்குள்ளும், கார அமில நிலை 6 முதல் 7க்குள்ளும் இருக்கவேண்டும் என்று வரையறுக்கிறது. சித்திரை வெயிலில் கூரையில்லாத மாடியில் கிடக்கும் பிளாஸ்டிக் குழாய்களுக்குள் ஓடும் நீர் இந்த வெப்ப வரம்பைப் பகலிலேயே தாண்டிவிடும். வேர் மூச்சுத்திணறும் அந்த வெப்பத்தில்தான் பித்தியம் அபானிடெர்மேட்டம் என்னும் அழுகல் உயிரி தழைக்கிறது. 30 பாகைக்கு மேற்பட்ட நீரே அதற்கு மிக உகந்தது. வேர் தளர்வதும் பகை வலுப்பதும் ஒரே காரணத்தால், ஒரே நேரத்தில் நிகழ்கின்றன. ஆகையால் நிழல்வலை, தரையில் புதைத்த சேமிப்புத்தொட்டி, குழாய்களின்மேல் நனைந்த கோணிப்பை ஆகியவற்றையே மருந்துகளுக்கு முந்திய மருத்துவமாகக் கருதவேண்டும்.

வைகாசி

வரதராசப் பெருமாள் கோயிலின் பிரம்மோற்சவமும் கருட சேவையும் நிகழும் இம்மாதத்தில் துளசிக்கும் மருவுக்கும் தேவை மிகுகிறது. நீரில் வளர்ப்போர் பெரும்பாலும் நம்புவது துளசியின் நெருங்கிய உறவான திருநீற்றுப்பச்சிலையையும், புதினாவையும், கொத்தமல்லியையுமே ஆகும். வெர்ஜின் தீவுகள் பல்கலைக்கழகத்தில் 1980களிலிருந்து அக்வாபோனிக்ஸ் முறையை வளர்த்தெடுத்த ஜேம்ஸ் ராகோசி குழுவினர் திலேப்பியா மீனுடன் வளர்த்துக் காட்டிய பயிர்களுள் திருநீற்றுப்பச்சிலையும் ஒன்று. வெப்பத்தைத் தாங்கி விரைந்து தழைக்கும் செடி என்பதால் காஞ்சிபுரத்துக்கும் அது பொருந்துகிறது.

நோயின் முதல் அடையாளம் இலையில் தோன்றுவதாயினும் அது வேரைப் பற்றிய செய்தியாகும். உச்சிவெயிலில் துவண்டு மாலையில் நிமிரும் செடி, இரண்டொரு நாளில் மாலையிலும் நிமிராமற் போகிறது. செடியைத் தூக்கிப் பார்த்தால், வெண்மையாக இருக்கவேண்டிய வேர் பழுப்பேறி வழவழத்திருக்கும். இரு விரல்களால் மெல்ல உருவினால் மேலுறை கழன்று கையோடு வர, நடுநரம்பு மட்டும் பிரிந்த பட்டிழைபோல் தொங்கும். இளவேர்களின் புறணியைப் பித்தியம் கரைத்துவிட்டது என்பதற்கு இதைவிட எளிய சோதனை இல்லை. இளந்தளிர் மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக இருந்து, வேர் வெண்மையாகவே இருந்தால், அது இரும்புச்சத்துக் குறைபாடு. மீன்தீவனத்தில் இரும்பு போதாமையால் இம்முறையில் அடிக்கடி நேர்வது. இரண்டையும் குழப்பிக்கொள்வதால் வீணாகும் நாட்களே பல பாத்திகளை இழக்கச் செய்கின்றன.

இங்கு மருந்துக்கடையை நாடுவது இயல்பு, ஆனால் பயனற்றது. பித்தியம் பூஞ்சைபோல் இழைவிட்டு வளர்ந்தாலும் உண்மையான பூஞ்சை அன்று. பெரும்பாலும் செல்லுலோசால் ஆன செல்சுவரும், இரண்டு கசையிழைகளால் நீரில் நீந்திச் செல்லும் வித்துகளும் கொண்ட ஊமைசீட் என்னும் வகையைச் சேர்ந்த அது, பழுப்புப் பாசிகளுக்கே நெருங்கிய உறவு. எனவே தமிழக வயல்களில் பரவலாகப் புழங்கும் கார்பென்டசிம் அதைத் தொடுவதே இல்லை. தொடக்கூடிய தாமிர மருந்துகளோ மீனுக்கு நஞ்சு. மீன் தப்பினாலும் உயிர்வடிகட்டியில் உள்ள பாக்டீரியங்கள் தப்பா. மருந்தின் வழி அடைபட்ட இடத்தில்தான் நீரின் நிலையைப் படிக்கும் அறிவு தொடங்குகிறது.

ஆனி

இந்த அறிவுக்கு இந்தியாவில் நீண்ட மரபு உண்டு என்பதை நீர்வளர்ப்பு பற்றிய புதிய நூல்கள் போதிய அளவு நினைவுகூரவில்லை. பீகாரின் பூசா வேளாண் ஆய்வு நிறுவனத்தில் பணியாற்றிய தாவர நோயியலாளர் எட்வின் ஜான் பட்லர் 1907இல் பித்தியம் பேரினத்தைப் பற்றி ஒரு தனிநூலே எழுதினார். அவருடன் அங்குப் பணியாற்றிய ஜகாங்கீர் பர்துன்ஜி தஸ்தூர் 1913இல் ஆமணக்குச் செடியிலிருந்து பைட்டோப்தோரா பாரசிட்டிகா என்னும் மற்றோர் ஊமைசீட்டை விவரித்தார். பைட்டோப்தோராவின் கொடுமையை ஏட்டறிவு இல்லாமலே அறிந்தவர்கள் தமிழகத்தின் கொடிக்கால் உழவர்கள். வெற்றிலைக்கொடி ஏறிய மேட்டுப்பாத்திகளுக்கு இடையே வாய்க்காலில் நீர் எப்போதும் நிற்க, அகத்தி நிழலில் ஈரம் தங்க, அடித்தண்டு அழுகிக் கொடி முழுதும் ஓரிரு வாரங்களில் வாடுவதை அவர்கள் தலைமுறைகளாகக் கண்டிருக்கிறார்கள். நீர் தேங்காமல் வடிப்பது, வாடிய கொடியை வேரோடு அகற்றி எரிப்பது, நோயற்ற கொடியிலிருந்தே விதைக்கொடி எடுப்பது என்னும் அவர்களுடைய மூன்று பழக்கங்களும் மீன்நீர்ப் பாத்திக்கு அப்படியே பொருந்துகின்றன.

ஆடி 18

காஞ்சிபுரத்தில் நீரையும் அழுகலையும் பற்றி எண்ணுவோர் வரதராசப் பெருமாள் கோயிலின் அனந்தசரஸ் திருக்குளத்தைக் கடந்துசெல்ல இயலாது. அக்குளத்து நீருக்குள் மூழ்கியிருக்கும், அத்தி மரத்தால் ஆன பெருமாள் திருமேனி நாற்பது ஆண்டுகளுக்கு ஒருமுறை வெளிவந்து 48 நாட்கள் காட்சி தருகிறது. 1979ஐ அடுத்து 2019 ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரை அது நிகழ்ந்தது. பக்தர்க்கு அது அருள். தாவர நோயியல் பயில்வோர்க்கு அதனுடன் ஓர் உண்மையும் கிட்டுகிறது: முழுவதும் நீரில் மூழ்கிய மரத்தை அரிக்கும் பூஞ்சைகளுக்கு வேண்டிய ஆக்சிஜன் கிடைப்பதில்லை, ஆகவே உயிரற்ற மரம் காற்றில் இருப்பதைவிட நீருக்குள் நெடுங்காலம் நிலைக்கும். உயிருள்ள வேருக்கு நேர்வது இதற்கு மாறானது. ஆக்சிஜன் இல்லாத நீரில் வேர் தானே இறக்கத் தொடங்க, அந்நிலையைத் தாங்கவல்ல பித்தியம் அதனுள் நுழைகிறது.

இதனால் மின்வெட்டு ஒரு தாவரநோய்க் காரணமாகிறது. இறைப்பான் நின்று, மீனின் எச்சமும் உண்ணாத தீவனமும் வேர்களின்மேல் படிந்து, அவற்றைச் சிதைக்கும் பாக்டீரியங்கள் எஞ்சிய ஆக்சிஜனையும் எடுத்துக்கொள்ள, சில மணி நேரத்துக்குள் வேரைச் சுற்றி மூச்சற்ற ஒரு படலம் உருவாகிவிடும். மின்கலத்தில் இயங்கும் சிறு காற்றுக்குழாயும், கழிவு படிவதற்கென்று மீன்தொட்டிக்கும் பாத்திக்கும் இடையே ஒரு தனித்தொட்டியும் இருந்தால் இந்தக் கேடு பெரிதும் தணியும்.

ஏரிநீரையோ குளத்துநீரையோ நேரே தொட்டியில் ஊற்றுவது பித்தியத்தின் நீந்தும் வித்துகளை வரவேற்பதாகும். ஆழ்துளைக் கிணற்று நீர் அந்த வகையில் பாதுகாப்பானது. வேறு வழி இல்லையெனில் மெதுமணல் வடிகட்டி துணைசெய்யும். நுண்மணல் அடுக்கின்வழி நீரை மிக மெதுவாக, சதுர மீட்டருக்கு மணிக்கு 100 முதல் 300 லிட்டர் என்னும் அளவில் இறக்கினால், மணலின் மேற்பரப்பில் வளரும் உயிர்ப்படலம் பித்தியம், பைட்டோப்தோரா ஆகியவற்றின் வித்துகளைப் பெரிதும் தடுத்துவிடுகிறது. பாலாற்று மணல் அள்ளி அள்ளி ஆறே குழிந்துபோன ஊரில் மணலின் மதிப்பை இப்படியும் உணரலாம். புறஊதா விளக்கும் வித்துகளைக் கொல்லும். எனினும் செடிக்கென்று சேர்த்த இரும்புக் கூட்டுப்பொருளையும் அது சிதைத்துவிடுவதால், வேர் பிழைத்து இலை வெளிறும் விந்தை நேர்வதுண்டு.

புரட்டாசி

கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகம் 1990களில் டிரைக்கோடெர்மா விரிடி, சூடோமோனாஸ் ஃபுளோரசன்ஸ் ஆகிய இரண்டையும் டால்க் தூளில் கலந்து உழவர்க்கு எட்டச் செய்தது. முன்னதை விதை கிலோவுக்கு 4 கிராம், பின்னதை 10 கிராம் என்னும் விதைநேர்த்தி அளவு இன்று ஊரறிந்தது. மீன்நீர் முறையில் இவற்றை ஓடும் நீரில் கொட்டுவதைவிட, தென்னைநார்க் கழிவு நிரப்பிய நாற்றுத்தட்டில் இடுவதே சிறப்பு. இளவேர் உருவாகும் இடத்திலேயே அவை குடியேறுகின்றன. இன்னும் ஆழமான நம்பிக்கையைப் பெல்ஜியத்தின் ஜெம்ப்ளூ வேளாண் ஆய்வாளர்கள் அளித்திருக்கிறார்கள். பித்தியம் அபானிடெர்மேட்டம் செலுத்தப்பட்ட லெட்டூஸ் கீரையை ஆராய்ந்து 2020இல் அவர்கள் வெளியிட்ட முடிவின்படி, அக்வாபோனிக்ஸ் நீரில் இயல்பாக வாழும் நுண்ணுயிர்க் கூட்டமே நோயைத் தணிக்கும் ஆற்றல் கொண்டது. முதிர்ந்த நீரை அடிக்கடி வடித்துவிட்டுப் புதுநீர் நிரப்பும் பழக்கம் தூய்மை என்று தோன்றினாலும், அந்தக் காவலையே வடித்துவிடுகிறது.

ஐப்பசி – கார்த்திகை

வடகிழக்குப் பருவமழையில் நீர் குளிர்கிறது. பித்தியத்தின் வேகம் தணிகிறது. ஆனால் ஊமைசீட் இனம் ஓய்வதில்லை. அபனோமைசிஸ் இன்வேடன்ஸ் என்னும் அதன் உறவே, 1988இல் இந்தியாவுக்குள் பரவிய மீன் புண்நோயின் காரணி. மழைக்குப் பிந்திய குளிர்மாதங்களில் விரால், கெண்டை வகைகளின் உடலில் ஆழ்ந்த புண்களை அது உண்டாக்கும். திலேப்பியா அதற்கு எளிதில் இரையாவதில்லை என்பது அம்மீனை இணைவளர்ப்புக்குத் தேர்வதற்கு ஒரு நல்ல காரணம். புண்பட்ட மீனை உப்புநீரில் மருத்துவம் செய்வோர் அதைத் தனித்தொட்டியில் செய்யவேண்டும். சுழலும் நீரில் சேர்த்த உப்பு பச்சிலைகளை வாட்டிவிடும்.

மார்கழி

இரவுப்பனி இலையில் படிந்து காலை நெடுநேரம் காயாமல் நிற்கும் இந்நாட்களில், திருநீற்றுப்பச்சிலைக்கு அடிச்சாம்பல் நோய் நேரக்கூடும். மேற்புறம் நரம்புகளுக்கு இடையே மஞ்சளாகவும், அடிப்புறம் சாம்பல் கலந்த ஊதாப் படலமாகவும் தோன்றும் அது பெரோனோஸ்போரா பெல்பாரி என்னும் ஊமைசீட்டால் வருவது. 1930களில் உகாண்டாவில் பதிவாகி, 2001இல் சுவிட்சர்லாந்திலும் 2007இல் புளோரிடாவிலும் தோன்றி உலகைச் சுற்றியது. செடிகளை இடைவெளிவிட்டு நடுவதும், விடியலில் மின்விசிறியால் இலையை உலர்த்துவதும் மீனுக்குத் தீங்கில்லாத தடுப்புகள்.

மாசி

விதைக்கென்று விட்ட திருநீற்றுப்பச்சிலை முற்றும் மாதம். செடியின் ஒரு பக்கம் மட்டும் வாடி, தண்டில் பழுப்புக் கோடு நீளவாட்டில் ஓடினால் அது ஃபியூசேரியம் வாடல். இது உண்மையான பூஞ்சை, விதையோடு பயணிப்பது. அத்தகைய செடியின் சப்ஜா விதையை அடுத்த விதைப்புக்கு எடுத்துவைக்கக் கூடாது. நோய்ப்பட்ட பாத்தியை மீன்தொட்டியிலிருந்து துண்டித்து, மிதவைப் பலகைகளைக் கழுவி வெயிலில் காயவைத்து, ஹைட்ரஜன் பெராக்சைடால் துடைத்தபின் நல்ல நீரால் அலசிவிட்டே மீண்டும் இணைக்கவேண்டும். இந்த வேலை பங்குனி வெப்பம் ஏறுமுன் முடிந்துவிடவேண்டும். அதன்பின் நடும் நாற்றுக்கு வேர் பரப்பக் குளிர்ந்த நீர் கிடைப்பது அரிது.