கப்பல் பயணிகள் தேடிப்போகும் ஞாயிறு சந்தை

ஜப்பானின் ஷிகொகு தீவில் கொச்சி என்றொரு நகரம் இருக்கிறது. கேரளத்துக் கொச்சிக்கும் இதற்கும் பெயர் ஒற்றுமை மட்டும்தான். ஜப்பானைச் சுற்றிவரும் உல்லாசக் கப்பல்கள் இந்த ஊர்த் துறைமுகத்துக்கும் வருகின்றன. பெரும்பாலும் காலையில் வந்து மாலையில் கிளம்பிவிடும். அந்தச் சில மணி நேரத்தில் பயணிகள் பேருந்து பிடித்து நகருக்குள் போகிறார்கள். அன்று ஞாயிற்றுக்கிழமையாக அமைந்தால், முதலில் பார்க்க வேண்டியது சந்தையைத்தான்.

கொச்சிக் கோட்டை வாசலில் தொடங்கி, சுமார் ஒரு கிலோமீட்டர் நீளத்துக்குச் சாலையோரமாகக் கடைகள். 1690-ம் ஆண்டு தொடங்கிய சந்தை இது. சுற்றுவட்டார விவசாயிகளே காய்கறி, கீரை, பழம், ஊறுகாய், நாற்று என்று கொண்டுவந்து விற்கிறார்கள். இடைத்தரகர் இல்லாமல், பணம் விளைவித்தவர் கைக்கே போகிறது.

கொச்சி மாநிலத்தில் 80 சதவிகிதத்துக்கும் மேல் காடும் மலையும்தான், சமவெளி குறைவு. அதனால் மண்ணுக்கும் மலைக்கும் ஏற்ற பயிர்களில் கவனம் வைத்தார்கள். இஞ்சி விளைச்சலில் ஜப்பானில் முதலிடம் கொச்சிக்குத்தான். எலுமிச்சை இனத்தைச் சேர்ந்த, மணம் மிக்க ‘யூஸு’ பழத்திலும் அதுவே முன்னணி. ஆயிரம் பேர்கூட இல்லாத உமாஜி என்ற மலைக்கிராமம், தோல் அழகில்லாததால் நல்ல விலை போகாத யூஸுவைச் சாறாகவும் பானமாகவும் குழம்புச் சாறாகவும் மாற்றி நாடெங்கும் விற்கிறது.

சாப்பாட்டிலும் அந்த மண்ணின் விளைச்சல்தான். சர்க்கரைவள்ளிக் கிழங்கை லேசான இனிப்பு மாவில் தோய்த்து எண்ணெயில் பொரித்துத் தருகிறார்கள். நம் ஊர் பஜ்ஜி போல, சூடாகச் சாப்பிட வேண்டும். மலைக்கிராம சூஷியில், யூஸு சாறு கலந்த சோற்றின் மேல் மீனுக்குப் பதிலாக மூங்கில் குருத்து, காளான் வைக்கிறார்கள். சோற்றில் மீன் கலந்திருக்கலாம் என்பதால் சைவர்கள் கேட்டு வாங்குவது நல்லது. அசைவம் சாப்பிடுபவர்கள் பக்கத்திலுள்ள ஹிரோமே சந்தைக்குப் போகலாம். வைக்கோல் தீயில் சூரை மீனின் மேல்புறத்தை மட்டும் சுட்டு, பூண்டும் உப்பும் சேர்த்துத் தருகிறார்கள். குப்பென்று எரியும் வைக்கோல் மேல்புறத்தைச் சட்டென்று சுட்டுவிடும். உள்ளே வேகாது, புகை மணமும் சேரும்.

ஆனால், இந்தச் சந்தைக்கும் ஒரு கவலை உண்டு. கடைகள் முன்பைவிடக் குறைந்துவிட்டன. இப்போது சுமார் 300. விற்பவர்களில் முதியவர்களே அதிகம். பிள்ளைகள் நிலத்துக்குத் திரும்புவது அரிது. கப்பல் வந்தால் கூட்டம் கூடுகிறது. ஆனால், வேடிக்கை பார்த்துப் படம் எடுத்துக்கொண்டு போகிறவர்களால் சந்தை பிழைக்காது. ஒரு தட்டு கிழங்காவது வாங்கிச் சாப்பிடுகிறவரால்தான் அந்தப் பாட்டி அடுத்த ஞாயிறும் கடை விரிப்பார்.

போகிறவர்களுக்கு இரண்டு குறிப்புகள். சந்தை பிற்பகல் 3 மணியோடு முடிந்துவிடும். சாப்பிடும் ஆசையில் கப்பல் நேரத்தை மறந்துவிடக் கூடாது. விதை, நாற்று, மண் எதையும் அனுமதியின்றி இந்தியாவுக்குக் கொண்டுவரக் கூடாது. ஒட்டிவரும் ஒரு பூச்சி போதும், ஒரு வட்டாரப் பயிரையே அழிக்க.