மாமாவின் குட்டிப் பைப்

போன மாதம் வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்க ஆள் வந்தபோது பழைய மர அலமாரியை நகர்த்த வேண்டியதாயிற்று. மேல் தட்டில் ஒரு பிஸ்கட் டப்பா. திறந்தால், என் பிரெவே பரீட்சைச் சான்றிதழ், அம்மாவின் செபமாலை, அவற்றுக்கு அடியில் என் தாய்மாமாவின் புகை பிடிக்கும் பைப். பேரன் எட்டிப் பார்த்து, "தாத்தா, இது பொம்மையா?" என்று கேட்டான்.

அவன் கேட்டதில் தப்பில்லை. சினிமாவில் துப்பறிகிறவர்கள் வாயில் தொங்குமே, கொக்குக் கழுத்துப் போல வளைந்த பெரிய பைப், அது போல இது இல்லை. ஸ்கேல் வைத்து அளந்தேன், 11 சென்டிமீட்டர். உள்ளங்கையில் வைத்து விரலை மூடினால் காம்பின் நுனி மட்டும்தான் வெளியே தெரியும். கிண்ணத்தில் என் சுண்டுவிரல் நுழையும், அதற்கு மேல் நுழையாது. காம்பின் பக்கவாட்டில் தேய்ந்துபோன எழுத்தில் 'புருயேர்' என்றும் 'சேன்-க்ளோத்' என்றும் முத்திரை இருக்கிறது.

என் வயதுக்காரர்களுக்கு நினைவிருக்கும். அந்தக் காலத்தில் நம் புதுச்சேரியில் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷனோடு திரும்பியவர்களை 'சொல்தா' என்போம். மாமாவும் ஒரு சொல்தா. சைகோனில் சில வருஷம், பிறகு அல்ஜீரியா, கடைசியாக மார்செய் துறைமுகத்தில் கப்பல் ஏறி 1963-ல் ஊர் வந்து சேர்ந்தார். 1962 ஆகஸ்ட் 16-ல் ஊர் சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. எனக்கு அப்போது பதினைந்து வயது. கப்பல் ஏறுவதற்கு முன் மார்செயில் வாங்கியதுதான் இந்தப் பைப்.

சேன்-க்ளோத் என்பது பிரான்சின் கிழக்கே ஜூரா மலையில் இருக்கும் சிறிய ஊர். ஒரு புனிதரின் திருப்பண்டத்தைக் கும்பிட யாத்திரிகர்கள் வந்த ஊர். அவர்களுக்கு விற்பதற்காக மரத்தைக் கடைந்து செபமாலை, பொம்மை, பொடி டப்பா என்று செய்துகொண்டிருந்தார்கள் அந்த ஊர்த் தச்சர்கள். மத்தியதரைக்கடல் ஓரத்தில் வளரும் புருயேர் என்ற புதரின் வேர்முடிச்சு நெருப்புக்குச் சுலபமாக எரியாது என்று தெரிந்த பிறகு, 19-ம் நூற்றாண்டின் நடுவில் இருந்து பைப் கடைவதில் இறங்கிவிட்டார்கள். முடிச்சு தக்க அளவுக்கு வளரவே பல பத்து வருஷம் ஆகும். வெட்டிய கட்டையை மணிக்கணக்கில் வேகவைத்து, மாதக்கணக்கில் உலர்த்தி, அதற்கப்புறம்தான் கடைசல். செபமாலை கடைந்த கையே சுங்கானும் கடைந்தது என்று அத்தையிடம் சொல்லி மாமா வம்புக்கு இழுப்பார்.

ஏன் இவ்வளவு சின்னது என்று நான் ஒருநாள் கேட்டேன். அவர் சொன்ன காரணம் சுவாரசியமானது. மரப் பைப் வருவதற்கு முன் பிரான்சில் ஏழை பாழைகள் புகைத்தது களிமண் பைப். காம்பு உடைந்தால் தூக்கிப் போட மாட்டார்கள், மிச்சத்தை வைத்தே புகைப்பார்கள். அந்தக் குட்டைப் பைப்புக்கு 'ப்ருல்-கேல்' என்று பெயர், வாயைச் சுடுவது என்று அர்த்தம். மூட்டை தூக்குகிறவனுக்கும் கொத்தனாருக்கும் அதுதான் வசதி. பல்லில் கடித்துக்கொண்டால் இரண்டு கையும் வேலைக்குக் கிடைக்கும், காம்பு எங்கேயும் இடிக்காது. புகையிலையும் ஒரு காரணம். கப்போரால் என்ற பிரெஞ்சுப் புகையிலை கறுப்பு, காரம் அதிகம். சாதாரணச் சிப்பாய்க்குக் கொடுக்கிற தினுசைவிட ஒரு படி உசத்தி என்பதால் அந்தப் பெயராம். (மாமாவும் கப்போராலாகத்தான் பென்ஷன் வாங்கினார்.) அந்தக் காரத்துக்குப் பெரிய கிண்ணம் தாங்காது. ஒரு சிட்டிகை போதும், கால் மணி நேரத்தில் முடிந்துவிடும்.

சாயங்காலம் ஐந்து மணிக்குத் திண்ணையில் உட்கார்ந்து அவர் அதை நிரப்புவதை வேடிக்கை பார்ப்பதே எனக்கு ஒரு பாடம். புகையிலையை மூன்று தவணையாகப் போட வேண்டும். முதல் தவணையைக் குழந்தைக் கையால் அழுத்தணும், இரண்டாவதைப் பெண் கையால், மூன்றாவதை ஆண் கையால். அப்போதுதான் கீழே காற்று ஓடும், மேலே கங்கு நிற்கும். கிண்ணத்தின் உள்சுவரில் மெல்லக் கரி படியவிடுவதற்கு பிரெஞ்சில் 'குயுலோத்தே' என்று ஒரு வினை உண்டு. எங்கள் காதில் அது அரைக்கால் சட்டை போட்டுவிடுவது போல விழும். பைப்புக்குச் சட்டை போட்டாயிற்றா மாமா என்று பள்ளிக்கூடப் பிள்ளைகள் நாங்கள் சிரிப்போம். அவரும் சிரிப்பார். ஈர்க்குச்சியில் பஞ்சு சுற்றித் துவாரத்தைச் சுத்தம் செய்து கொடுப்பது என் வேலை.

சின்னப் பைப்பிடம் அவசரம் காட்ட முடியாது. வேகமாக இழுத்தால் கிண்ணம் கொதித்து நாக்கைச் சுட்டுவிடும். மெதுவாக இழுத்தால் அணைந்துவிடும். அந்தக் கால் மணி நேரம் மனுஷன் வேறு எதையும் நினைக்க முடியாது. இருபது வருஷம் துப்பாக்கியோடு அலைந்தவருக்கு அது எவ்வளவு பெரிய நிம்மதி என்று அப்போது எனக்குப் புரியவில்லை. சைகோனைப் பற்றி அவர் பேசியதெல்லாம் அந்தப் பதினைந்து நிமிஷத்தில்தான். சாம்பலைத் தட்டிவிட்டால் பேச்சும் நின்றுவிடும்.

1970-ல் நான் அரசு வேலையில் சேர்ந்தேன். பிரெஞ்சில் படித்தவன், ஆங்கிலத்தில் நோட் எழுத வேண்டும், டைப் அடிக்க வேண்டும். 'ஃபைல் இஸ் ரீசப்மிட்டட்' என்று எழுதவே எனக்கு வியர்க்கும். அந்தச் சமயத்தில்தான் மாமா தன்னிடமிருந்த இன்னொரு குட்டிப் பைப்பை எனக்குக் கொடுத்தார். அப்போதெல்லாம் ஆபீசுக்குள்ளேயே புகை பிடிப்பார்கள், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். சட்டைப் பையில் பேனாவுக்குப் பக்கத்தில் அது நிற்கும். மாமா கொண்டுவந்த கப்போரால் பொட்டலங்கள் எப்போதோ தீர்ந்துவிட்டன. பிரான்சில் இருந்து யாராவது லீவில் வந்தால் கிடைக்கும், இல்லாவிட்டால் திருச்சிச் சுருட்டை உதிர்த்துப் போட்டுக்கொள்வோம்.

"சிகரெட் இல்லையே, சின்னப் பைப்புதானே" என்று சொல்லிக்கொள்வேன். சின்னது என்பதுதான் அதன் கவர்ச்சி. சின்னது என்பதுதான் அதன் ஏமாற்றும். மாமாவுக்குச் சாயங்காலம் ஒன்று என்று இருந்தது காலையில் ஒன்று, சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்று என்று வளர்ந்து, கடைசியில் எட்டு ஒன்பது தடவை ஆகியிருந்தது. சின்னதை யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை.

1981-ல் மாமாவின் நாக்கு ஓரத்தில் ஒரு புண். காரம் பட்டதால் என்று நினைத்து மூன்று மாதம் விட்டுவிட்டார்கள். பிறகு டாக்டர் சொன்ன வார்த்தையை வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. அத்தை பைப்பை எடுத்து அரிசிப் பானைக்குள் ஒளித்து வைத்துவிட்டார்.

கடைசி மாதத்தில் ஒரு சாயங்காலம். அத்தை பூசைக்குப் போயிருந்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். மாமாவால் பேச முடியாது. கையால் பைப் பிடிப்பது போலக் காட்டினார். நான் மாட்டேன் என்று தலையாட்டினேன். அவர் சிலேட்டில் எழுதினார், பிரெஞ்சில்: "குழந்தைக் கை மட்டும் போதும்." முதல் தவணை மட்டும் போடு என்று அர்த்தம்.

நான் அரிசிப் பானையில் கையை விட்டேன்.

இரண்டு இழுப்புக்கு மேல் அவரால் முடியவில்லை. கண்ணில் தண்ணீர் வந்தது, வலியாலா வேறு எதாலா என்று தெரியவில்லை. பைப்பை அணைக்காமல் சூடாகக் கையிலேயே வைத்துக்கொண்டு கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தார். பத்தொன்பது நாளில் போய்விட்டார். பிரெஞ்சில் ஒருவர் இறந்ததை 'தன் பைப்பை உடைத்துவிட்டார்' என்று வேடிக்கையாகச் சொல்வதுண்டு. துக்கத்துக்கு வந்த பழைய சொல்தா ஒருவர் பழக்கதோஷத்தில் அப்படிச் சொல்லிவிட்டு, உடனே நாக்கைக் கடித்துக்கொண்டார்.

அதோடு நான் விட்டிருக்க வேண்டும். விடவில்லை. இன்னும் ஆறு வருஷம் புகைத்தேன். 1987-ல் பல் பிடுங்கப் போன இடத்தில் டாக்டர் என் கன்னத்தின் உட்புறம் வெள்ளைத் திட்டு இருப்பதைக் காட்டி, "என்ன பழக்கம்?" என்று கேட்டார். "சின்னப் பைப்தான் சார்" என்றேன். "திட்டுக்கு அது தெரியாது" என்றார். அன்றைக்கே என் பைப்பைச் சமையலறை அடுப்பில் போட்டேன். நெருப்புக்கு அசையாத மரம் என்பது உண்மைதான், அது கருகி முடிய ராத்திரி ஆயிற்று. திட்டு மெல்ல மறைந்தது. எனக்கு அதிர்ஷ்டம், மாமாவுக்கு இல்லை.

அத்தை இன்னும் பதினைந்து வருஷம் இருந்தார். ஒருநாள் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே, நிமிர்ந்து பார்க்காமல் சொன்னார்: "அன்னைக்கு நீ ரொப்பிக் குடுத்தது எனக்குத் தெரியும்டா. அரிசியில வாசம் அடிச்சுது." நான் ஒன்றும் பேசவில்லை. "நான் குடுத்திருக்கணும்" என்றார். அதற்குப் பிறகு அதைப் பற்றி நாங்கள் பேசியதில்லை. நான் செய்தது சரியா தப்பா என்று எழுபத்தாறு வயதிலும் எனக்குத் தீர்ப்பு சொல்லத் தெரியவில்லை.

பேரனுக்கு என்ன பதில் சொன்னேன் என்று கேட்பீர்கள். பொம்மை இல்லை, உன் கொள்ளுத்தாத்தா முறை ஒருத்தர் வாயைச் சுட்டது என்று சொன்னேன். பயந்து கையை எடுத்துக்கொண்டான். பிறகு மோந்து பார்த்து, "நல்லா இருக்கே தாத்தா" என்றான். அறுபது வருஷம் கழித்தும் வாசம் போகவில்லை, பாருங்கள். டப்பாவை மூடிப் பழையபடி மேல் தட்டில், அவன் கைக்கு எட்டாத உயரத்தில் வைத்துவிட்டேன்.