புலேஷ்வரில் ஒரு பிஞ்சராபோல்

சர்னி ரோடு நிலையத்தில் இறங்கிக் கிழக்கே நடந்தால், பூக்கடைகளும் பாத்திரக்கடைகளும் நெருக்கும் புலேஷ்வர்ச் சந்துகளை அடையலாம். தோளில் இடிபடாமல் ஓரடி வைக்க இயலாது. அவ்விடத்தே ஒரு வாயிலைக் கடந்ததும் வைக்கோல் மணமும் மாடுகளின் குரலும் நம்மை எதிர்கொள்கின்றன. இதுவே மும்பை பிஞ்சராபோல். சென்னை அயனாவரத்தில் இப்பெயருள்ள கோசாலையை அன்பர் சிலர் அறிந்திருப்பர்.

இது பிறந்த கதை விந்தையானது. 1832-இல் ஆங்கில அரசினர் தெருநாய்களைக் கொல்லுமாறு ஏவினர். கொன்றவருக்குக் கூலியும் உண்டு. பார்சிகளுக்கோ நாய் புனிதமானது. இறந்தவர் உடலை நாய் நோக்குவது அவர்தம் ஈமச் சடங்கின் ஓர் அங்கம். அவர்கள் கொதித்தெழ, நகரில் கலகம் மூண்டது. ஈராண்டு கழித்து, 1834-இல், ஜம்ஷெட்ஜி ஜீஜீபாய் முதலிய வணிகர் இவ்வில்லத்தை நிறுவினர். நாயின் பொருட்டு எழுந்த பூசல். இன்று இங்கே அரசோச்சுவதோ பசு!

எங்கள் குடியிருப்பில் ஒரு பாட்டியார் உள்ளார். மன்னார்குடிப் பக்கத்துச் சிற்றூரில் கறவை மாடுகளோடு வாழ்ந்தவர். கணவர் மறைந்தபின் மகனுடன் ஏழாவது மாடிக்கு வந்து சேர்ந்தார். அக்கம்பக்கத்தார் மொழி தெரியாது. நாளடைவில் வீட்டாரோடும் பேச்சுக் குறைந்தது; உணவும் குறைந்தது. உடலில் நோயில்லை என்றனர் மருத்துவர். சென்ற மாட்டுப் பொங்கலன்று மருமகள் அவரை இங்கே அழைத்து வந்தாள். நானும் உடன் சென்றேன். புல்லை நீட்டிய பாட்டியார், ஒரு பசுவின் அலைதாடியை நெடுநேரம் வருடினார். பிறகு பணியாளரை நோக்கி, "இதுக்குக் கண்ணிலே நீர் வடியறது, பாரப்பா" என்றார். தமிழறியாத அம்மனிதர் பசுவின் கண்ணைப் பார்த்தார், தலையசைத்தார். திரும்பும் வழியெல்லாம் பாட்டியார் தம் பழைய மாடுகளைப் பற்றியே பேசி வந்தார்.

மருத்துவ உலகிற்கும் இது புதிதன்று. மனநோயாளரைச் சங்கிலியிற் பிணைத்த காலத்தில், 1796-இல், இங்கிலாந்தின் யார்க் நகரில் குவேக்கர் சமயத்தார் 'ரிட்ரீட்' என்னும் இல்லத்தைத் திறந்தனர். அதன் முற்றங்களில் முயல்களும் கோழிகளும் உலவின. அவற்றோடு பழகுவது நோயாளரிடம் அன்புணர்ச்சியை எழுப்பக் காண்கிறோம் என்ற கருத்தைச் சாமுவேல் டியூக் 1813-இல் எழுதிய நூலிற் காணலாம். பயிற்றிய நாயை அருகிருத்தி உரையாடும் மனநல ஆலோசகர் இன்று பல நாடுகளில் உளர். பிராணி நோயைத் தீர்த்துவிடும் என்று நான் கூறவில்லை. அடைத்த வாயைத் திறக்கும், அவ்வளவே.

பாட்டியார் இப்போது மாதம் இருமுறை செல்கிறார். பசுவுக்கு அகத்திக்கீரை வேண்டுமாம். மாதுங்காக் கடைகளில் விசாரித்துக் கொண்டிருக்கிறேன்.