கப்பலை எரிச்சது யாரு?

டிஸ்கி: கேம் ஆடாதவங்களும் படிக்கலாம். இனிமே ஆடணும்னு வெச்சிருக்கறவங்க மட்டும் எஸ்கேப் ஆயிடுங்க, கதையைப் போட்டு உடைக்கப்போறேன் :-)

காலேஜ் ஹாஸ்டல்ல எல்லார் மெஷின்லயும் வார்கிராஃப்ட் 3 இருந்துச்சு. ஆனா அதுமேல ரசிகர்கள் உருவாக்கின டோட்டா மட்டும்தான் ஆடுவோம், விடிய விடிய. 2002ல ப்ளிஸ்ஸார்ட் வெளியிட்ட அந்த கேமுக்குள்ள ஒரு கதை இருக்குன்னு, மூணாவது வருஷம் அம்மை போட்டு வீட்ல கிடந்தப்பதான் தெரிஞ்சுது. வேப்பிலை வாசத்துல ஒரு கொள்ளைநோய் கதை. நல்ல பொருத்தம்தான்!

ஹீரோ ஆர்தாஸ், லார்டரான் நாட்டு இளவரசன். ஆண்டோர்ஹால்ல இருந்து ஊர் ஊரா போன தானியத்துல நோய் கலந்திருக்கு. தின்னவங்க செத்து, பிணமா எழுந்து சண்டைக்கு வர்றாங்க. இதைக் கண்ணால பார்த்துட்டு ஸ்ட்ராத்ஹோம் நகரத்துக்குப் போறான். அங்க தானியத்தை ஏற்கனவே பங்கு போட்டாச்சு. சனங்க இன்னும் மனுஷங்களாத்தான் நடமாடுறாங்க. மொத்த ஊரையும் கொன்னுடணும்ங்கறான். குருநாதர் ஊத்தர் முடியாதுங்கறார். துரோகம்னு சொல்லி அவர் பதவியைப் பிடுங்கறான். காதலிச்ச ஜெய்னாவும் கிளம்பிடறா.

அப்புறம் மவுஸ் நம்ம கையில. வீட்டை இடிக்கணும், வெளிய வர்றவங்களை வெட்டணும். மால்கானிஸ்ங்கற அசுரன் அவன் பங்குக்கு ஆள் சேர்த்துக்கிட்டே இருப்பான். யாரு முதல்ல 100ன்னு போட்டி, திரை மூலையில கணக்கு ஓடும். கொஞ்ச நேரத்துல எனக்கு மனுஷங்க மறந்து போய் நம்பர் மட்டும்தான் தெரிஞ்சுது. பதட்டத்துல இன்னும் வேகமா வெட்டினேன்.

ஆர்தாஸ் எங்க கெட்டான்னு கேட்டா நிறைய பேரு இந்த இடத்தைக் காட்டுவாங்க. இல்லன்னா ஃப்ராஸ்ட்மோர்ன்ங்கற சாபக் கத்தியை எடுத்தது, பெத்த அப்பனையே குத்தினதுன்னு. எனக்கு அப்படித் தோணல. ஸ்ட்ராத்ஹோம்ல அவன் போட்டது கொடூரமான கணக்குதான். ஆனா மருந்து கிடையாது, நேரமும் கிடையாது. ஊத்தர்கிட்டயும் மாத்து வழி எதுவும் இருந்த மாதிரி தெரியல. பழி தன் தலையிலன்னு எல்லார் முன்னாடியும் நின்னு செஞ்சான்.

மால்கானிஸைத் துரத்திக்கிட்டு நார்த்ரெண்ட் பனிதேசத்துக்குப் போறான் பாருங்க, அங்கதான் கெட்டான். படை திரும்பணும்னு ராஜா ஆணை வருது. வீரர்கள் கரையைப் பார்த்து நடக்கறாங்க. இவன் கூலிப்படை அமர்த்தி, அவங்களுக்கு முன்னாடியே போய் சொந்தக் கப்பல்களைக் கொளுத்திடறான். வீரர்கள் வந்ததும் கூலிப்படையைக் கைகாட்டி, இவனுங்கதான் எரிச்சானுங்கன்னு சொல்றான். அவ்வளவுதான், காசு வாங்கிட்டு சொன்ன வேலையைச் செஞ்சவனுங்க செத்தானுங்க. கூட இருந்த முராடின் மட்டும்தான் இது பொய்யாச்சேன்னு கேட்கறார். என் நாட்டுல நடந்ததைப் பார்க்க நீ அங்க இல்லயேன்னு அவர் வாயை அடைச்சிடறான்.

மக்களைக் காப்பாத்தற பேச்சே இங்க காணோம். வெறுங்கையோட ஊர் திரும்பினா ஸ்ட்ராத்ஹோம்ல செஞ்சது சரின்னு எப்படிக் காட்டறது? அதுக்குத்தான் மால்கானிஸ் தலை வேணும். அவன் மேல எனக்கு இன்னும் பரிதாபம் இருக்குன்னா அது இதனாலதான்.

அம்மை சமயத்துல இந்த மிஷனை ஜாலியா தாண்டிட்டேன். போன வருஷம் திரும்ப ஆடினப்ப முடியல. காரணம் ஆபீஸ்.

ஒரு ரிலீஸ். நேரம் இல்ல, ஒரு டெஸ்ட்டை விட்டுட்டு அனுப்பலாம்னு முடிவு பண்ணது நான். வேணாம் தம்பின்னவர் காண்ட்ராக்ட்ல இருந்த டெஸ்டர் அண்ணன் ஒருத்தர். முடிவு தப்புன்னு இப்பவும் சொல்ல மாட்டேன், தேதி அப்படி. ராத்திரி புட்டுக்கிச்சு. காலையில கிளையண்ட் கால்ல, "டெஸ்டிங்ல மிஸ் ஆயிடுச்சு"ன்னு சொன்னதும் நான்தான். அண்ணனும் அதே கால்ல இருந்தார், ம்யூட்ல. அடுத்த மாசம் அவர் காண்ட்ராக்டைப் புதுப்பிக்கல. எனக்கு ஒண்ணும் ஆகல.

பாதி கப்பல் எரிஞ்ச நிலையில சேவ் பண்ணது அப்படியே கெடக்கு. அண்ணன் நம்பர் போன்ல இருக்கு. ஞாயித்துக்கிழமை கூப்பிடலாம்னு இருக்கேன். போன ஞாயித்துக்கிழமையும் அப்படித்தான் இருந்தேன்.