ஜெப விண்ணப்பத்தில் எழுதாத பிரச்னைகள்... கரிகிரியும் பாகாயமும் கற்றுத்தரும் பாடம்!

திருப்பத்தூர், வாணியம்பாடி, ஆம்பூர் பக்கத்து சபைகளில் 'சாட்சி' சொல்லும் நேரம் என்று ஒன்று உண்டு. காய்ச்சல் தீர்ந்தது, மகனுக்கு வேலை கிடைத்தது, பத்து வருடம் கழித்துக் குழந்தை பிறந்தது என்று ஒவ்வொருவராக எழுந்து நன்றி சொல்வார்கள். கேட்பதற்கு ஆறுதலாக இருக்கும். ஆனால், அந்தச் சாட்சிகளில் பெரும்பாலானவை முடிந்துபோன பிரச்னைகள். இன்னும் முடியாத பிரச்னையோடு பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர் வாய் திறப்பதில்லை.

அவருக்காக இருப்பது ஜெப விண்ணப்பச் சீட்டு. அதிலும் 'ஒரு சகோதரியின் குடும்ப சமாதானத்துக்காக' என்று ஒற்றை வரிதான் இருக்கும். அந்த ஒற்றை வரிக்குள் கணவரின் குடி இருக்கலாம், அடகில் மூழ்கப்போகும் தாலிச் செயின் இருக்கலாம், ஆறு மாதமாக மார்பில் தட்டுப்படும் கட்டி இருக்கலாம், காரணமே தெரியாமல் தூக்கம் தொலைந்த இரவுகள் இருக்கலாம்.

"என்னக்கா, இன்னும் ஆஸ்பத்திரிக்குப் போகலியா?"

"அட, ஒண்ணுமில்லடி. இந்த ஆர்டர் முடியட்டும், பார்த்துக்கலாம். ஜெபத்துல வெச்சிருக்கேன்."

ஷூ கம்பெனிக்கு வேலைக்குப் போகும் பெண்களிடம் சர்வசாதாரணமாகக் காதில் விழக்கூடிய பேச்சு இது. ஒரு நாள் லீவு போட்டால் அந்த நாள் சம்பளம் போச்சு. வாரக் கடன்காரர் வாசலில் வந்து நிற்பார். 2020 ஊரடங்கில் தோல் தொழில் முடங்கியபோதும், 2025 ஆகஸ்ட்டில் இந்தியப் பொருள்களுக்கு அமெரிக்கா 50 சதவிகித வரி விதித்து ஏற்றுமதியாளர்கள் தவித்தபோதும், வீடுகளில் முதலில் தள்ளிப்போடப்படுவது ஒருவர் தன் உடம்புக்கும் மனதுக்கும் செய்ய வேண்டிய செலவுதான்.

இங்கே ஒரு கேள்வி வருகிறது. 'ஜெபத்தில் வைத்திருக்கிறேன்' என்பது பிரச்னையை எதிர்கொள்ளும் வழியா, பார்க்காமல் இருப்பதற்கான வழியா? வேதாகமத்தில் மட்டுமல்ல, ஜோலார்பேட்டையில் ரயில் ஏறி காட்பாடியில் இறங்கினால் எட்டிவிடும் தூரத்திலேயே இதற்குப் பதில் இருக்கிறது.

வலிக்காததுதான் ஆபத்து

காட்பாடியை அடுத்த கரிகிரியில் 1955-ல் தொழுநோய் மருத்துவ ஆய்வு மையம் தொடங்கப்பட்டது. அதற்கு முன்பே, வேலூர் சி.எம்.சி மருத்துவமனையில் தொழுநோயாளிகளின் கைகளை அறுவை சிகிச்சை மூலம் சரிசெய்யும் வேலையைத் தொடங்கியிருந்தார் டாக்டர் பால் பிராண்ட். கொல்லிமலையில் ஊழியம் செய்த ஆங்கிலேயத் தம்பதிக்கு 1914-ல் பிறந்தவர். இங்கிலாந்தில் படித்து முடித்து, 1946-ல் வேலூருக்கு வந்தார்.

தொழுநோய் வந்தால் விரல்கள் தானாகவே அழுகி உதிர்ந்துவிடும் என்றுதான் அன்று எல்லோரும் நினைத்தார்கள். பிராண்டும் அவருடைய குழுவினரும் நோயாளிகளைக் கூர்ந்து கவனித்தபோது வேறோர் உண்மை தெரிந்தது. நோய் நரம்பைப் பாதிக்கிறது, தொடு உணர்ச்சி போகிறது, வலி தெரிவதில்லை. அடுப்பிலிருந்து சூடான பாத்திரத்தை வெறும் கையால் இறக்குகிறார்கள். செருப்புக்குள் ஆணி குத்தினாலும் நடந்துகொண்டே இருக்கிறார்கள். இரவில் தூங்கும்போது எலி கடித்தாலும் தெரியவில்லை. வலிக்காததால் காயம் கவனிக்கப்படவில்லை. கவனிக்கப்படாத காயம் புண்ணாகி, கடைசியில் விரலையே கொண்டுபோனது.

1953-ல் பிராண்டுக்கே ஒரு சோதனை வந்தது. அமெரிக்காவிலிருந்து கப்பலில் இங்கிலாந்து வந்து, அங்கிருந்து ரயிலில் லண்டன் போய்ச் சேர்ந்த இரவு. தங்கிய அறையில் காலுறையைக் கழற்றியபோது குதிகாலில் உணர்ச்சி இல்லை. ஊசியை எடுத்துக் கணுக்காலுக்குக் கீழே குத்திப் பார்த்தார். ரத்தம் வந்தது, வலி வரவில்லை. தொழுநோயாளிகளோடு வருடக்கணக்காகப் பழகியவர். அந்த இரவு முழுக்க அவர் தூங்கவில்லை. மனைவி, பிள்ளைகளைவிட்டுப் பிரிந்து வாழும் வாழ்க்கையைக் கற்பனை செய்து கலங்கினார்.

விடிந்ததும் மறுபடி ஊசியை எடுத்துக் குத்தினார். இந்த முறை உயிர்போகும் வலி! நீண்ட பயணத்தில் அசையாமல் உட்கார்ந்திருந்ததில் நரம்பு மரத்துப்போயிருந்தது, அவ்வளவுதான். அன்று அந்த வலிக்காகக் கடவுளுக்கு நன்றி சொன்னதாகப் பிற்பாடு எழுதினார் பிராண்ட். வலி என்பது ஒரு கொடை என்ற கருத்தை வாழ்நாள் முழுக்கச் சொல்லிவந்தார்.

ஆயிரக்கணக்கானோருக்கு தைரியம் சொன்ன மருத்துவருக்கே மறுபடி ஊசியைக் கையில் எடுக்க ஓர் இரவு ஆனது. சாதாரண மனிதர்கள் தங்கள் பயத்தைச் சோதித்துப் பார்க்க மாதக்கணக்கில் தயங்குவதில் ஆச்சர்யம் இல்லை. ஆனால், அவர் விடிந்ததும் குத்திப் பார்த்தார் என்பதுதான் முக்கியம்.

உணர முடியாவிட்டால், பார்க்க வேண்டும்

உணர்ச்சி இழந்த நோயாளிகளுக்கு அங்கே சொல்லித்தரப்பட்ட பாடம் மிக எளிமையானது. 'உனக்கு வலிக்காது. அதனால் தினமும் கண்ணால் பார்.' படுக்கப்போகும் முன் உள்ளங்கை, விரலிடுக்கு, பாதம் எல்லாவற்றையும் ஒருமுறை பார்க்க வேண்டும். சிவந்திருக்கிறதா, கொப்புளம் இருக்கிறதா, கீறல் இருக்கிறதா? செருப்பை உதறிப் பார்த்துத்தான் போட வேண்டும். பாதத்தின் எடை ஒரே இடத்தில் அழுந்தாமலிருக்க, மெத்தென்ற மைக்ரோசெல்லுலர் ரப்பரில் செருப்புகள் செய்து கொடுக்கப்பட்டன. எம்.சி.ஆர் செருப்பு என்று சொன்னால் சர்க்கரை நோயாளிகளுக்கு இன்று எளிதில் புரியும். அவர்களுக்கும் பாத உணர்ச்சி குறையும் என்பதால், அதே செருப்பும் அதே அறிவுரையும்தான்.

மனதுக்கும் இது பொருந்தும். நீண்ட நாள் கஷ்டத்தில் மனசும் மரத்துப்போகும். 'எனக்குப் பழகிப்போச்சு' என்ற வார்த்தையைப் பல பெண்கள் பெருமையாகச் சொல்வார்கள். அடி பழகிப்போனது, கடன் பழகிப்போனது, தனிமை பழகிப்போனது. பழகிப்போனது ஆறிப்போனதாக ஆகாது. அதை உணர முடியாத நாளில், உட்கார்ந்து பார்த்தாக வேண்டும்.

'சொஸ்தமாக வேண்டுமென்று விரும்புகிறாயா?'

யோவான் எழுதிய சுவிசேஷத்தில் பெதஸ்தா குளத்துச் சம்பவம் எல்லா விசுவாசிகளும் அறிந்ததே. 38 வருடங்களாக வியாதியாய்க் கிடந்தவரிடம், குணமாக விருப்பமா என்று இயேசு கேட்கிறார். இத்தனை வருடம் படுத்திருப்பவரிடம் கேட்கக்கூடிய கேள்வியா இது? அவரும் 'ஆமாம்' என்று சொல்வதில்லை. தன்னைக் குளத்தில் இறக்க ஆள் இல்லை, தனக்கு முன்னே வேறு யாராவது இறங்கிவிடுகிறார்கள் என்று நீளமாகச் சொல்கிறார். நெடுநாள் பிரச்னையோடு வாழ்பவர்களின் பதில் இப்படித்தான் இருக்கும். அந்தப் பதிலுக்காக அவரை இயேசு கடிந்துகொள்ளவில்லை. அதேசமயம் அந்தக் கேள்வியைக் கேட்காமலும் விடவில்லை.

எலியா தீர்க்கதரிசியின் கதை இன்னும் நெருக்கமானது. யேசபேலுக்குப் பயந்து வனாந்தரத்துக்கு ஓடி, ஒரு சூரைச்செடியின் கீழே உட்கார்ந்து, 'போதும், சாக வேண்டும்' என்று கேட்கிறார். இன்று ஒரு மனநல மருத்துவர் கேட்டால் உடனே நிமிர்ந்து உட்காரும் வார்த்தை அது. அவருக்கு முதலில் கிடைத்தது பிரசங்கம் அல்ல. தூக்கம், சுட்ட அப்பம், தண்ணீர். மறுபடியும் தூக்கம், மறுபடியும் சாப்பாடு. அதற்குப் பிறகுதான் பயணமும் பேச்சும். 'விசுவாசம் இருந்தா மனச்சோர்வு வருமா?' என்று கேட்பவர்கள் எலியாவை மறந்துவிடுகிறார்கள்.

சக்கர நாற்காலியில் ஓர் அறுவை சிகிச்சை நிபுணர்

இதையெல்லாம் வாழ்ந்து காட்டியவர் ஒருவர் வேலூரில் இருந்தார். டாக்டர் மேரி வர்கீஸ். 1925-ல் கேரளத்தில், கொச்சி அருகே உள்ள செராயில் பிறந்தவர். சி.எம்.சி-யில் மருத்துவம் படித்து, மகப்பேறு மருத்துவராக வேண்டும் என்ற கனவோடு பணியில் இருந்தவர்.

1954 ஜனவரியில் சக மருத்துவர்களோடு போன வண்டி விபத்தில் சிக்கியது. மேரியின் முகத்தில் ஆழமான காயம். முதுகுத்தண்டு பாதிக்கப்பட்டு இரண்டு கால்களும் செயலிழந்தன. அப்போது வயது 28. ஜெபம் செய்த மேரிக்கும் அவருக்காக ஜெபித்த நண்பர்களுக்கும் நடை திரும்பக் கிடைக்கவில்லை. மாம்சத்தில் ஒரு முள் இருந்ததாகவும், அதை நீக்கும்படி மூன்று முறை வேண்டியும் அது நீங்கவில்லை என்றும் பவுல் எழுதியிருக்கிறார் அல்லவா? அந்த நிலைதான்.

அந்த நேரத்தில் பால் பிராண்ட் அவருக்கு ஒரு யோசனை சொன்னார். தொழுநோயாளிகளின் கைகளுக்குச் செய்யும் அறுவை சிகிச்சையை உட்கார்ந்துகொண்டே செய்யலாமே! ஒரு மருத்துவர், நோயாளி என்ற நிலையிலிருந்து மீண்டும் மருத்துவர் என்ற இடத்துக்கு நகர வேண்டும். அதற்கு முதலில் ஒன்றை ஏற்றுக்கொண்டாக வேண்டும்: கால்கள் இனி வராது. இதை ஏற்றுக்கொள்வது விசுவாசக் குறைவு என்று நினைத்திருந்தால் மேரியின் கதை அங்கேயே நின்றிருக்கும்.

மேரி கத்தியை எடுத்தார். சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடி, மடங்கிப்போன விரல்களை நிமிர்த்தினார். ஊர் ஒதுக்கிவைத்த நோயாளிகள், தங்களைவிட அதிகமாக முடங்கிய ஒரு டாக்டரம்மா தங்கள் கையைப் பிடித்துச் சிகிச்சை செய்வதைப் பார்த்துத் தைரியம் பெற்றார்கள்.

அதோடு நிற்கவில்லை. ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் மறுவாழ்வு சிகிச்சை பெற்று, பிறர் உதவியில்லாமல் தன் வேலைகளைச் செய்யக் கற்றுக்கொண்டார். பிறகு நியூயார்க்கில் டாக்டர் ஹோவர்ட் ரஸ்க்கின் நிறுவனத்தில் மறுவாழ்வு மருத்துவம் படித்தார். திரும்பி வந்து சி.எம்.சி-யில் அந்தத் துறைக்குத் தலைமை ஏற்றார். 1966-ல் வேலூர் பாகாயத்தில் மறுவாழ்வு மையம் திறக்கப்பட்டது. முதுகுத்தண்டு பாதித்தவர்கள் படுக்கைப்புண்ணோடு மூலையில் கிடந்து சாக வேண்டியதில்லை என்று காட்டிய முன்னோடி மையம் அது. 1972-ல் பத்மஸ்ரீ விருது பெற்றார். 1986-ல் மறைந்தார். அவருடைய வாழ்க்கையை அமெரிக்க எழுத்தாளர் டோரதி கிளார்க் வில்சன் 1963-லேயே புத்தகமாக எழுதிவிட்டார்.

குடும்பத்தோடு வாங்க!

அதே பாகாயத்தில் 1957-ல் டாக்டர் ஃபிளாரன்ஸ் நிக்கோல்ஸ் முயற்சியில் மனநல மையம் தொடங்கப்பட்டது. மனநோயாளிகளைக் குடும்பத்திலிருந்து பிரித்து அடைத்துவைப்பதே வழக்கமாயிருந்த காலம். இங்கேயோ நோயாளியோடு வீட்டாரும் வந்து தங்க வேண்டும் என்றார்கள். சமையல், பராமரிப்பு, மருந்து கொடுப்பது எல்லாவற்றிலும் குடும்பத்துக்குப் பங்கு. நோய் என்ன, வீடு திரும்பியதும் எப்படிப் பார்த்துக்கொள்வது என்பதை அம்மாவும் கணவரும் சேர்ந்தே கற்றுக்கொள்வார்கள்.

திருப்பத்தூருக்கே இன்னொரு முன்னுதாரணமும் உண்டு. 1921-ல் இங்கே கிறிஸ்துகுல ஆசிரமத்தைத் தொடங்கிய சவரிராயன் ஏசுதாசனும் எர்னெஸ்ட் பாரஸ்டர் பேட்டனும் மருத்துவர்கள். ஊர்க்காரர்களுக்குப் பெரியண்ணன், சின்னண்ணன். தமிழ்நாட்டுக் கோயில் பாணியில் எழுந்த அவர்களுடைய ஜெபாலயமும் நோயாளிகளுக்கான மருத்துவமும் ஒரே வளாகத்தின் இரண்டு கைகளாக இருந்தன. ஜெபித்தால் மருந்து வேண்டாம் என்றோ, மருந்து இருந்தால் ஜெபம் வேண்டாம் என்றோ அந்த அண்ணன்கள் நினைக்கவில்லை.

இன்றிரவே தொடங்கலாம்

இதிலிருந்து வீட்டுக்கு எடுத்துப்போகச் சில விஷயங்கள் உண்டு.

ராத்திரி ஜெபத்துக்கு முன் ஐந்து நிமிடம். கரிகிரி நோயாளி பாதத்தைப் பார்ப்பதுபோல, அந்த நாளைப் பார்க்க வேண்டும். எங்கே எரிச்சல் வந்தது, எதை நினைத்தபோது வயிற்றைப் பிசைந்தது, யாரைப் பார்க்காமல் தவிர்த்தோம்? சர்க்கரை இருப்பவர்கள் அப்படியே பாதத்தையும் பார்த்துவிடலாம்.

ஜெபத்தில் பிரச்னையின் பெயரைச் சொல்வது அடுத்தது. 'குடும்ப சமாதானம்' என்று பூசி மெழுக வேண்டியதில்லை. 'அவர் குடிக்கிறார், எனக்குப் பயமாக இருக்கிறது' என்று சொல்லலாம். சங்கீதங்களில் பாதிப் புலம்பலும் பாதிக் கோபமுமாய் எத்தனையோ ஜெபங்கள் இருக்கின்றன.

மூன்றாவது, ஒரே ஒரு மனிதரிடமாவது சொல்வது. அவர் போதகராக, போதகரம்மாவாக, கூட வேலை செய்யும் அக்காவாக இருக்கலாம். கேட்பவருக்கும் பொறுப்பு உண்டு. 'விசுவாசமா இரும்மா' என்று சொல்லி அனுப்பிவிடாமல், 'நாளைக்கு நானும் கூட வர்றேன், டாக்டரைப் பார்க்கலாம்' என்று சொன்னால் அது எலியாவுக்குக் கிடைத்த அப்பத்துக்குச் சமம்.

மருத்துவமனை வரை போக முடியாதவர்கள் மத்திய அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416-ஐ எந்த நேரமும் இலவசமாக அழைக்கலாம். தமிழிலேயே பேசலாம். தமிழக அரசின் 104 எண்ணும் இருக்கிறது. குடும்ப வன்முறைக்கு ஆளாகும் பெண்களுக்கு 181. வாழ்ந்தது போதும் என்ற எண்ணம் வந்தால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போட வேண்டாம்.

அடுத்த வாரம் ஆர்டர் முடியலாம், முடியாமலும் போகலாம். தட்டுப்படும் கட்டி அதற்காகக் காத்திருக்காது. சொன்ன ஜெபத்தோடு, காலை ரயிலுக்கும் ஒரு டிக்கெட் எடுத்துவிடுங்கள்.