துருத்திக்காரர்களின் கடாரம்

கடாரம் என்றதும் நம் ஆட்களுக்கு ராஜேந்திர சோழனும் கப்பல்களும்தான் ஞாபகத்துக்கு வரும். கெடாவில், சுங்கை பட்டாணியிலிருந்து மெர்போக் போகும் வழியில் செம்பனைகளுக்கு நடுவே இருக்கிறது சுங்கை பத்து. அங்கே போகும்போது காரிலேயே நண்பன் கேட்டுவிட்டான்: "மச்சான், சோழர் கட்டுனது எதுடா?"

அங்கே அரண்மனை எதுவும் இல்லை. கூரை போட்டு மூடிய செங்கல் அடித்தளங்கள், பழைய படகுத்துறையின் சுவடு, கருப்புக் கசடுக் கட்டிகள், உடைந்த மண்குழாய்கள். 2009 முதல் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத் தொல்லியலாளர்கள் தோண்டி எடுத்தவை. நான் அதிக நேரம் நின்றது அந்தக் குழாய்களுக்கு முன்னால்தான்.

துருத்தியின் காற்றை உலைக்குள் கொண்டுபோனவை அவை. கரி எரிந்து கிளம்பும் கார்பன் மோனாக்சைடு, தாதுவிலிருந்து ஆக்சிஜனைப் பிடுங்கிக்கொள்ளும். இரும்பு உருக 1538 டிகிரி வேண்டும். இந்த மாதிரி மண் உலையின் சூடு 1200 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். அதனால் கசடுதான் உருகி ஓடும். இரும்பு பஞ்சு மாதிரி உள்ளேயே தங்கிவிடும். அதைச் சூட்டோடு அடித்து அடித்துத்தான் கட்டியாக்க வேண்டும். காற்று நின்றால் எல்லாம் போச்சு. எங்கள் தொழிற்சாலையில் காற்றழுத்தம் குறைந்தால் கம்ப்ரசரைப் பார்க்க ஓடுவோம். இங்கே கம்ப்ரசரே மனிதன்தான்.

கி.பி. முதல் நூற்றாண்டுகளிலேயே இந்த உலைகள் எரிந்தன என்கிறார்கள். அதற்கும் முந்தையது என்பவர்கள் உண்டு, மறுப்பவர்களும் உண்டு. எப்படிப் பார்த்தாலும் சோழப்படை வந்த 1025-க்குப் பல நூற்றாண்டுகள் முன்பே இங்கே வேலை நடந்திருக்கிறது.

தஞ்சைக் கல்வெட்டு வென்றவன் பெயரைச் சொல்கிறது. துருத்தி இயக்கியவன் பெயர் எதிலும் இல்லை. "நீங்கள் எப்போது இந்த நாட்டுக்கு வந்தீர்கள்?" என்று யாராவது கேட்டால் நாம் உடனே ராஜேந்திரனைக் காட்டுகிறோம். படையெடுத்து வந்தவனைக் காட்டி ஒரு மண்ணை எப்படி நம் ஊர் என்பது? என் தாத்தா இதே கெடாவில் பால்மரம் வெட்டியவர். அவர் பெயரும் எந்தக் கல்லிலும் இல்லை. உறவு கொண்டாடணும்னா நான் அந்தத் துருத்திக்காரனோடுதான் கொண்டாடுவேன். அவன் என்ன மொழி பேசினாலும் சரி.

2013-இல் இதே பூஜாங் பள்ளத்தாக்கில் ஒரு பழைய கோயிலின் அடித்தளம் இடிக்கப்பட்டது தெரிந்தபோது நாம் கொதித்தோம். கொதிக்க வேண்டியதுதான். உடைந்த மண்குழாய்களுக்கும் அதே கோபம் வருமா என்று நண்பனிடம் கேட்டேன். அவன் யோசித்துக்கொண்டே, இன்னொரு குழாயைக் குனிந்து பார்த்தான்.