சின்னத் தொட்டிக்கு எந்தக் கடற்குதிரை?

தொட்டி சிறியதென்றால் குதிரையும் சிறியதாக இருக்கட்டும் என்றுதான் எவருக்கும் தோன்றும். புளோரிடாக் கரையின் குள்ளக் கடற்குதிரை ஓர் அங்குலமே. சிறு தொட்டி போதும். ஆனால் கடற்குதிரைக்கு இரைப்பை இல்லை, பசி தாங்காது. குள்ளனுக்கோ தினமும் இரு வேளையாவது புதிதாகப் பொரித்த, உயிருள்ள ஆட்டீமியாக் குஞ்சுகள் வேண்டும். பிள்ளைகளைப் பாடசாலைக்கு அனுப்பும் அவசரத்தில் அதை நான் எப்படிச் செய்வேன், சகோதரிகளே?

நம் நாட்டுக் கரையோரங்களிலும் வாழும் 'குடா' இனம் அரை அடி வளரும். (குடா என்றால் மலாயில் குதிரை.) அதற்கு உயரமான தொட்டி வேண்டும். தொட்டியிலேயே பிறந்து வளர்ந்ததென்றால் உறைந்த கூனியைத் தின்னப் பழகியிருக்கும். கடலில் பிடித்தது பெரும்பாலும் அதைத் தொடாமல் மெலிந்துவிடும்.

ஆகவே மகளிடம் சொல்லிவிட்டேன்: பெரிய தொட்டிக்குக் காசு சேரட்டும், அதுவரை குதிரை வேண்டாம். அழகுக்காக ஓர் உயிரைப் பட்டினி போடலாகாது.